மரக்கணக்கும் செடிக்கணக்கும்

ஆலைப் புகையால் அழிந்த நிலத்தில் மரங்களை நட்டுவிட்டால் நட்டம் ஈடாகிவிடும் என்று கருதுவோர் நம்மிடையே பலர். அக்கருத்து பிழையானது என்பதற்குக் கனடா நாட்டின் சட்பரி நகரம் தக்க சான்றாகும்.

அங்கே நிக்கலும் செம்பும் கந்தகத்தோடு கலந்த தாதுவை, 1888 முதல் 1929 வரை விறகின் மீது குவித்துத் திறந்த வெளியிலேயே வறுத்தனர். தரையோடு பரவிய கந்தகப் புகையில் காடு கருகியது. அமிலம் ஏறிய மண்ணில் உலோகங்கள் கரைந்து வேர்களைத் தாக்கின, பிடித்து நிறுத்த வேரின்றி மண்ணும் மழையில் அடித்துச் செல்லப்பட்டது, கரும்பாறைகளே எஞ்சின. 1972ஆம் ஆண்டில் 381 மீட்டர் உயரப் புகைபோக்கி ஒன்று எழுப்பப்பட்டது. ஊர்க்காற்று தெளிந்தது உண்மையே. ஆயின் புகை நெடுந்தொலைவு சென்று அயலார் நிலத்தில் அமிலமாய் இறங்கிற்று. நம் வீட்டுக் குப்பையை அண்டை வீட்டில் கொட்டுவதைத் துப்புரவு என்று யாரேனும் கூறுவரோ?

புகை எல்லாவற்றையும் ஒருங்கே கொல்வதில்லை, தேர்ந்து கொல்லும். முதலிற் பலியாவன பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் கல்பாசி வகைகள். (நம் இல்லங்களில் மசாலையிற் சேர்க்கும் கல்பாசியும் இவ்வகையினதே.) அவற்றுக்கு வேரில்லை; காற்றும் மழையும் கொணர்வதைக் கொண்டே வாழ்வன.

1978 முதல் அந்நகரத்தார் எக்டேருக்கு ஏறக்குறைய 10 டன் சுண்ணாம்புக்கல் பொடியைக் கையாலேயே தூவி, மண்ணின் அமிலத்தைத் தணித்தனர். புல் விதைத்தனர், விதைக்காத பிர்ச் மரங்களும் தாமே முளைத்தன. நட்ட மரங்களோ இதுவரை ஒரு கோடிக்கு மேல்.

கூட்டுத்தொகை சரியாயிருந்தும் இனங்கள் விடுபட்ட கணக்கேடுகளைச் சங்கந்தோறும் கண்டு பழகிய எனக்கு, இவ்வெண்ணிக்கை மட்டும் மனநிறைவு தருவதாயில்லை. மரம் வளர்ந்தும் அதன் நிழலில் வாழவேண்டிய சிறுசெடி வகைகள் பல திரும்பவில்லை. அதனாலன்றோ, சாலை அமைப்பதற்காக அழியவிருந்த காட்டின் தரையை அந்நகரத்தார் பாய்போல் வெட்டியெடுத்து வந்து மரங்களினிடையே பதிக்கலாயினர்!

நம் நாட்டிலும் பேராலை அமைக்குமுன் கருத்துக் கேட்புக் கூட்டம் நடைபெறுகிறது. அங்கே "எத்தனை மரம் நடுவீர்?" என்று கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. இன்று அந்நிலத்திலுள்ள செடிகொடிகளின் பெயர்ப்பட்டியலை முதலிற் பெற்று, ஆண்டுதோறும் அதனோடு ஒப்பிட்டுத் தணிக்கை செய்யவேண்டும் என்பது என் கருத்து. இதற்கு வேற்றூர் வல்லுநரை மட்டுமே நம்பியிருக்க வேண்டுவதில்லை. அவுரி எது, சாயவேர் எது என்று பார்த்த மாத்திரத்தில் கூறவல்ல முதியோர் நம் சங்கங்களில் இன்னும் உள்ளனர்.