ஸ்மித் கட்சியும் ரோல்ஃப் கட்சியும்

ஒரு பெண் இருவருள் எவனை மணந்திருக்க வேண்டும் என்று, அவளை ஒருபோதும் கண்டறியாத மக்கள் கால் நூற்றாண்டுக்கு மேலாக வழக்காடி வருகின்றனர். வழக்குக்குக் காரணமானவை வோல்ட் டிஸ்னி நிறுவனத்தார் 1995 இல் வெளியிட்ட ‘பொக்கஹொண்டாஸ்’ என்னும் கார்ட்டூன் படமும், 1998 இல் திரையரங்குக்கு வராமலே நேராக வீடியோ நாடாவாக விற்பனைக்கு விடப்பட்ட அதன் இரண்டாம் பாகமுமாகும். முதற்படத்தில், வேர்ஜீனியாவின் பூர்வகுடித் தலைவனாகிய பவ்ஹாட்டனின் மகள் ஆங்கிலேயக் கப்பலில் வந்திறங்கிய ஜோன் ஸ்மித்தைக் காதலிக்கிறாள். தந்தை ஓங்கிய தண்டத்துக்குத் தன் தலையைக் கொடுத்து அவனைக் காக்கிறாள். இரண்டாம் பாகத்தில், ஸ்மித் மாண்டான் எனக் கேள்வியுற்று, ஜோன் ரோல்ஃப் என்னும் இன்னோர் ஆங்கிலேயனுடன் சமாதானத் தூதாக லண்டனுக்குச் செல்கிறாள். மாண்டதாகச் சொல்லப்பட்ட ஸ்மித் உயிரோடு வந்து அழைத்தபோதும் ரோல்ஃபையே தேர்ந்து, அவனோடு தாய்நாட்டுக்குக் கப்பலேறுகிறாள்.

இம்முடிவு ரசிகரை இரு கட்சியாக்கிற்று. முதற்படம் கட்டியெழுப்பிய காதலை இரண்டாம் பாகம் எழுபது சொச்ச நிமிடங்களில் இடித்துத் தள்ளிவிட்டது என்பது ஸ்மித் கட்சியாரின் முறைப்பாடு. ரோல்ஃப் கட்சியாரோ சரித்திரத்தைச் சாட்சிக்கு அழைக்கின்றனர். அவள் உண்மையில் மணந்தது ரோல்ஃபையே. ஆகவே இரண்டாம் பாகம் முதற்பாகத்தின் பொய்யைத் திருத்தியிருக்கிறது. உண்மையோடு பிணங்குவானேன் என்பது அவர்தம் வாதம்.

ரசிகர்களை எள்ளி நகையாடுவது படித்தவர் சிலருக்குப் பொழுதுபோக்கு. நமக்கு அது வேண்டியதில்லை. ஒரு கதை தந்த வாக்கை விற்பனைச் சரக்கின் தேவைக்காக மறு கதை மீறும்போது கோபம் வருவது நியாயமே. ஸ்மித் கட்சியார் ஏமாந்த பிள்ளைகளைப் போல அழுகின்றனர். அவர்களோடு நமக்குப் பெரும்பகை இல்லை. நாம் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியவர்கள் சரித்திரத்தைக் கூண்டில் ஏற்றிய ரோல்ஃப் கட்சியாரே. சாட்சியை அழைத்தவர்கள் அது சொல்வது முழுவதையும் கேட்டாக வேண்டுமல்லவா?

சாட்சி சொல்வது இதுதான். 1613 இல் சாமுவேல் ஆர்கோல் என்னும் கப்பற் தலைவன், பூர்வகுடித் தலைவன் ஒருவனையும் அவன் மனைவியையும் ஒரு செப்புப் பாத்திரம் முதலானவற்றைக் கொடுத்து வசப்படுத்தி, அவர்கள் மூலம் பொக்கஹொண்டாஸைத் தன் கப்பலுக்கு வரச்செய்து சிறைப்பிடித்தான். அவளுக்கு அப்போது வயது பதினேழு அளவில். கைதான ஆங்கிலேயரும் துப்பாக்கிகளும் சோளமும் மீட்புவிலையாகக் கேட்கப்பட்டன. ஏறத்தாழ ஓராண்டு அவள் பணயக்கைதியாக இருந்தாள். அக்காலத்தில் மதம் மாற்றப்பட்டு ‘ரெபெக்கா’ ஆனாள். 1614 ஏப்ரலில் ரோல்ஃபை மணந்தாள்.

இந்தக் கடத்தல் இரண்டாம் பாகத்தில் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. அவள் தானாகவே மனமுவந்து கப்பலேறுகிறாள். ஆனால் சிறை ஒன்று இருக்கிறது. அரசவை விருந்திலே கரடியை வதைத்து மகிழ்வதைக் கண்டித்ததற்காக அவள் லண்டன் கோபுரத்தில் அடைக்கப்படுகிறாள்; அங்கிருந்து அவளை மீட்பவருள் ரோல்ஃப் ஒருவன்! சரித்திரத்தில் சிறையிருந்தவளை மணந்தவன், படத்தில் சிறை மீட்ட வீரனாகிவிட்டான். அடைத்த பழி முழுவதும் ராட்கிளிஃப் என்ற ஒரே கொடியவனின் தலையில் சுமத்தப்படுகிறது. (அந்த ராட்கிளிஃப் 1609 இலேயே பவ்ஹாட்டன் மக்களின் கையால் மாண்டுபோனவன். வில்லன் வேண்டுமென்றால் பிணத்தையும் எழுப்புவார்கள் போலும்.) ரோல்ஃப் கட்சியார் “திருத்தம்” என்று போற்றுவது இதைத்தான்.

அவன் அவளைக் காதலிக்கவில்லையா என்று கேட்கலாம. ஆளுநர் தோமஸ் டேலுக்கு அனுமதி வேண்டி ரோல்ஃப் எழுதிய நீண்ட கடிதம் இன்றும் இருக்கிறது. தன் நெஞ்சு அவள்பால் சிக்குண்டு தவிப்பதை அவன் அதில் மறைக்கவில்லை. ஆயினும் உடலின் இச்சை தன்னைச் செலுத்தவில்லை என்றும், குடியேற்றத்தின் நன்மைக்காகவும் தேசத்தின் மானத்துக்காகவும் கடவுளின் மகிமைக்காகவுமே இதனைச் செய்வதாகவும் வற்புறுத்துகிறான். நாம் அவனை நம்புவோம். இரண்டும் உண்மையாகவே இருக்கட்டும். அவளுடைய கடிதம் எங்கே? அவள் கைப்பட எழுதிய ஒரு வரியேனும் நமக்குக் கிட்டவில்லை. காவலில் இருப்பவளின் சம்மதத்தைக் காவலரின் ஏட்டிலிருந்து மட்டுமே அறிகிறோம். அவளது இனத்தைச் சேர்ந்த மட்டப்போனி மக்களின் வாய்மொழி மரபு, 2007 இல் நூலாக அச்சேறியபோது, சிறையில் அவள் மானபங்கப்படுத்தப்பட்டாள் என்றே கூறிற்று. வரலாற்றாசிரியர் பலர் இதனை ஏற்பதில்லை. ஆனால் காதற் கதையை ஐயமின்றி ஏற்போர் இந்தக் கதையை மட்டும் ஐயுறுவதற்கு என்ன நியாயம்?

ஸ்மித் கட்சியாருக்கு ஒன்றே சொல்ல வேண்டும். 1607 இல் ஸ்மித்துக்கு வயது 27. அவளுக்குப் பதினொன்று அளவில். தலையைக் கொடுத்துக் காத்த அந்தக் காட்சி, ஸ்மித் 1608 இல் வெளியிட்ட விவரணத்தில் இல்லை. அவள் இறந்தபின் 1624 இல் அவன் வெளியிட்ட நூலிலேதான் விரிவாக வருகிறது. அதே நூலில் இங்கிலாந்தில் இருவரும் சந்தித்த நிகழ்ச்சியும் உண்டு. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம், நெடுநேரம் பேசவில்லையாம், பின்னர், அவன் தன் தந்தைக்குக் கொடுத்த வாக்கை நினைவூட்டி, அவன் நாட்டார் பொய் மிகுதியும் சொல்வார்கள் என்று இடித்துரைத்தாளாம். அவள் வாயில் வைக்கப்பட்ட சொற்களுள் நெஞ்சைத் தொடுவன இவையே. இவை காதலியின் ஊடல் அல்ல. ஏமாற்றப்பட்ட ஒரு நாட்டின் குற்றச்சாட்டு.

இரு கட்சியாரின் வாக்குச்சீட்டிலும் இரண்டே பெயர்கள். இரண்டும் ஆங்கிலப் பெயர்கள். கொக்கும் என்ற தன் இனத்தவன் ஒருவனை அவள் மணந்திருந்ததாக அக்காலத்தவரான வில்லியம் ஸ்ட்ராச்சி எழுதிவைத்தார். அவனை முதற்படத்திலேயே ஓர் ஆங்கிலேயத் துப்பாக்கி தீர்த்துவிடுகிறது. அவன் சார்பில் கட்சி கட்டியோரை நாம் கண்டதில்லை.

தமிழ் படித்தவர்களுக்கு இங்கே ஒரு பழைய இலக்கணம் நினைவுக்கு வர வேண்டும். அகப்பாட்டில் தலைமக்களின் பெயரைச் சுட்டலாகாது என்றது தொல்காப்பியம். பெயர் வந்தால் அது புறமாகிவிடும். நெடுநல்வாடையில் பெயர்கூட இல்லை. பாண்டியரின் வேப்பம்பூ அடையாளம் ஒன்று வந்தமைக்கே உரைகாரர் அதனைப் புறம் என்றனர். நம் மாணவர் இதனை வெறும் பரீட்சைக் குறிப்பாக மனனஞ் செய்கின்றனர். ஆனால் இவ்விதியில் ஓர் அறநோக்கும் உண்டு எனத் தோன்றுகிறது: ஊரும் பேரும் உள்ள ஒருத்தியின் அந்தரங்கத்தைப் பொதுச் சொத்தாக்காதே! டிஸ்னியார் பெயரற்ற ஒருத்தியையும் ஒருவனையும் காட்டிலே சந்திக்க வைத்திருந்தால் நமக்கு வழக்கே இல்லை. அவர்கள் எடுத்தது புறம், தீட்டியது அகம். பெண் கேட்டு வரும் வேந்தனுக்குத் தந்தை மறுக்க, ஊரே அழியும் தறுவாயில் நிற்கும் மகட்பாற் காஞ்சிப் பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. அங்கே புலவனின் கண் அப்பெண்ணைக் காண்கிறது. அவளால் அழியப்போகும் வயலையும் குளத்தையும் காண்கிறது. அவள் எவனை விரும்பினாள் என்று கட்சி கட்டுவதில்லை.

குழந்தைகளின் படத்துக்கு இத்தனை ஆராய்ச்சியா என்பார் உளர். முன்னாளில் அமெரிக்க இந்திய இயக்கத்தின் தலைவருள் ஒருவராய்ப் போராடிய ரஸ்ஸல் மீன்ஸே இரு படங்களிலும் பவ்ஹாட்டனுக்குக் குரல் கொடுத்தார். முதற்படத்தைப் பாராட்டியும் பேசினார். இது நமக்குச் சங்கடமான சாட்சியம்தான், மறைப்பதற்கில்லை. ஆனால் இந்தத் திருமணக் கதை குழந்தைகளின் அறையோடு நின்றதில்லை. 1924 இல் வேர்ஜீனியா மாநிலம் மக்களை வெள்ளையர், நிறத்தவர் என்று பிரித்து, கலப்பு மணத்தைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. அதில் ஒரு விலக்கு: பதினாறில் ஒரு பங்குக்கு மேற்படாமல் பூர்வகுடி இரத்தம் உடையோர் வெள்ளையரே. ஏனெனில் அம்மாநிலத்துச் செல்வக் குடும்பங்கள் தம்மைப் பொக்கஹொண்டாஸ்–ரோல்ஃப் வழித்தோன்றல்கள் என்று பெருமையோடு சொல்லிவந்தன! அதே சட்டத்தின் கீழ், அவளுடைய சொந்த இனத்தாரின் பிறப்புப் பதிவுகளில் ‘இந்தியர்’ என்னும் பெயர் அழிக்கப்பட்டு ‘நிறத்தவர்’ என எழுதப்பட்டது. கலப்பு மணத் தடை 1967 இல் உச்ச நீதிமன்றத்தால் வீழ்த்தப்பட்டது. அவளுடைய மக்களுள் பமன்கியர் 2015 இலும், வேர்ஜீனியாவின் வேறு ஆறு பூர்வகுடிக் குழுவினர் 2018 இலுமே மத்திய அரசின் அங்கீகாரம் பெற்றனர். ரோல்ஃபோடு அவளைச் சேர்த்துவைத்த கதை சிலருக்கு உறுதிப்பத்திரமாகவும் பலருக்கு இழப்பாகவும் இருந்தது.

இந்த முக்கோணக் காதலில் எவரும் பேசாத நான்காம் பாத்திரம் ஒன்று உண்டு. அது ஒரு கப்பல்; பெயர் ‘ட்ரெஷரர்’. 1613 இல் ஆர்கோல் அவளைப் பிடித்தது அதிலே. 1616 இல் வேர்ஜீனியாக் கம்பனியார் முதலீட்டாளருக்குக் காட்சிப்பொருளாக அவளை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றதும் அதிலே. 1619 இல் முதல் ஆபிரிக்க அடிமைகளை வேர்ஜீனியாவில் இறக்கிய கப்பலைத் தொடர்ந்து, சில நாட்களில் மேலும் ஆபிரிக்கரோடு வந்து சேர்ந்ததும் அதுவே. முதல் வருகையைக் கடிதத்தில் அறிவித்தவன் ஜோன் ரோல்ஃப்.

டிஸ்னியாரின் இரண்டாம் பாகத்தில் காதலர் இருவரும் நிற்கும் கப்பல் அந்திவானத்தை நோக்கிப் பாய்விரித்துச் செல்கிறது. 1617 மார்ச்சில் அவள் ஏறிய கப்பலுக்கும் தலைவன் அதே ஆர்கோல்தான். தேம்ஸ் நதியில் கிரேவ்ஸெண்ட் வரைக்குமே அவளால் போக முடிந்தது. நோயுற்றவளைக் கரையிறக்கினர். அம்மாதம் 21 ஆந் திகதி அங்குள்ள செயின்ட் ஜோர்ஜ் தேவாலயத்தில் அடக்கம் செய்தனர். வயது இருபத்தொன்று அளவில். 1727 இல் தேவாலயம் தீப்பற்றி எரிந்தபின் புதைகுழி எங்கே என்றும் தெரியவில்லை. நோயுற்றிருந்த சிறு மகன் தோமஸ் இங்கிலாந்திலேயே விடப்பட்டான். ரோல்ஃப் பயணத்தைத் தொடர்ந்தான். அவ்வாண்டில் ஜேம்ஸ்டவுனில் இறங்கிய ஆர்கோல், சந்தைவெளியிலும் தெருக்களிலும்கூடப் புகையிலை நடப்பட்டிருக்கக் கண்டான்.