காதுல பூ இல்லை, அக்னிபுத்ரா!

கமலின் சொந்தத் தயாரிப்பு, சுஜாதாவின் கதை, இளையராஜா இசை, ராஜசேகர் இயக்கம். 'குமுத'த்தில் தொடராகவும் வந்த கதை என்பதால் எதிர்பார்ப்பு எகிறியிருந்தது. 1986 மே மாதம் வந்தது 'விக்ரம்'. அந்த எதிர்பார்ப்பை முழுசாக ஈடுகட்டவில்லை என்ற பேச்சு இன்றுவரை ஓயவில்லை.

திருடுபோன 'அக்னிபுத்ரா' ஏவுகணையை மீட்க வேண்டும். மனைவியைப் பறிகொடுத்த உளவாளி கிளம்புகிறான். துணைக்கு, கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு பெண்! ராக்கெட், கம்ப்யூட்டர் எல்லாம் அன்று நமக்கு அம்புலிமாமா சமாசாரம்.

ஆனால், நிஜம் பக்கத்திலேயே இருந்தது. செங்கல்பட்டுக்காரர்கள் கடற்கரைக்குப் போனால், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கம். அங்கே அணுமின் நிலையம் 1984-லேயே இயங்கத் தொடங்கிவிட்டது. சோதனை வேக ஈனுலை உயிர் பெற்றது 1985 அக்டோபரில். படம் வந்து மூன்றே வருஷம், 1989 மே மாதம் நிஜ 'அக்னி' ஏவுகணை ஒடிசா கடற்கரையிலிருந்து சீறியது. சுஜாதா விட்டது ரீல் இல்லை சாமி!

குறை இல்லாமல் இல்லை. கதை சலாமியா ராஜ்ஜியத்துக்குப் போனதும் ஏவுகணையை மறந்து அரண்மனை, காதல் என்று அலைகிறது. ஆனாலும் சத்யராஜின் நக்கல் வில்லத்தனம், சலாமிய பாஷையை மொழிபெயர்க்கும் ஜனகராஜின் அலப்பறை இரண்டும் இன்றும் புதுசு.

2022-ல் லோகேஷ் கனகராஜ் இதே பெயரில், இதே உளவாளியைத் திரும்ப அழைத்துவந்தபோது தியேட்டர்கள் அதிர்ந்தன. கைதட்டியதில் பாதி, பெரியவருக்குச் சேர வேண்டியது. பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒருமுறை பாருங்களேன்!