பிற சமயம் பயிலும் பிள்ளைகள்

மூன்று திங்களுக்கு முன் அமெரிக்க நாட்டிலிருந்து தாய் ஒருவர் நமக்கு ஒரு மடல் வரைந்திருந்தார். நம் மறைமாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, மணமான பின் கணவருடன் அங்குக் குடியேறியவர் அவர். அவருடைய மூத்த மகள் ‘சமுதாயக் கல்லூரி’ எனப்படும் ஈராண்டுக் கல்லூரி ஒன்றில் சேர்ந்திருக்கிறாள். பகலில் ஒரு கடையில் வேலை. ஆதலால் சில பாடங்களை இரவில் வீட்டிலிருந்தே இணைய வழியாகப் பயில்கிறாள். அவற்றுள் ஒன்று உலகச் சமயங்கள் பற்றிய தொடக்கப் பாடம்.

பாடம் நடைபெறும் முறையையும் அத்தாய் விவரித்திருந்தார். வாரந்தோறும் பாடநூலில் ஓர் அதிகாரம், ஒன்றிரண்டு காணொளிகள், ஒரு சிறு தேர்வு. உடன் பயில்வோர் படிக்குமாறு ஒரு கருத்துரையும் எழுதவேண்டும். பிறர் எழுதியவற்றுள் இரண்டுக்கு மறுமொழியும் தரவேண்டும். இந்து சமயத்துக்கு ஒரு வாரம், பௌத்தத்துக்கு ஒரு வாரம் எனச் சென்று, யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம் கடந்து சீக்கியத்தில் பாடம் முடிகிறது. பருவம் நிறைவுறுமுன், தன் சமயத்தைச் சாராத வழிபாட்டுத் தலம் ஒன்றுக்குச் சென்று, கண்டதை எழுதித் தரவேண்டும். மகள் சீக்கியரின் குருத்துவாராவுக்குச் செல்ல விரும்புகிறாள். “இதற்கு நான் இசையலாமா? ஏற்கெனவே ஞாயிற்றுக்கிழமைகளில் எழுப்பிக் கோவிலுக்கு அழைத்துச் செல்வதே பெரும்பாடாக உள்ளது. இருக்கின்ற விசுவாசமும் போய்விடாதா?” என்பது தாயின் கேள்வி.

இவ்வச்சத்தைப் பேதைமை என்று நாம் ஒதுக்கவில்லை. தாலாட்டோடும் செபமாலையோடும் பிள்ளைக்கு ஊட்டிய ஒன்று, எட்டு பத்துச் சமயங்களின் வரிசையில் ஓர் எண்ணாக, மதிப்பெண்ணுக்குரிய பாடமாக வந்து நிற்பதைக் காணும் தாயுள்ளம் கலங்குவது இயல்பே.

திருச்சபையும் இவ்விடயத்தில் ஒரே நாளில் தெளிவு பெற்றுவிடவில்லை. 1893-ஆம் ஆண்டு சிக்காகோ நகரில் சமயங்களின் பேரவை கூடியது. விவேகானந்தர் உரையாற்றிய பேரவை என்று நம்மவர் அதனை அறிவர். அதன் தொடக்க நாளில் கர்த்தருடைய செபத்தைச் சொன்னவர் கர்தினால் கிப்பன்ஸ் என்பதைப் பலர் அறியார். ஈராண்டு கழித்து, 1895-இல், இத்தகைய கூட்டங்களில் கத்தோலிக்கர் இனிக் கலந்துகொள்வதைப் பதின்மூன்றாம் சிங்கராயர் ஊக்குவிக்கவில்லை. பின்னர் 1964-இல் ஆறாம் சின்னப்பர் கிறிஸ்தவரல்லாதார்க்கென உரோமையில் ஒரு செயலகம் நிறுவினார். அவ்வாண்டு டிசம்பரில் பம்பாய்க்கு வந்தபோது, பல சமயத்தாரும் கூடியிருந்த அவையில் உபநிடத மன்றாட்டு ஒன்றை மேற்கோளாக எடுத்துரைத்தார். 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கையோ, பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் உள்ள எதனையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று அறிவித்துவிட்டது. எனவே, படிக்கலாமா என்ற கேள்வி தீர்ந்து ஆண்டுகள் பல ஆயின. எவ்வாறு படிப்பது என்பதே எஞ்சியுள்ளது.

அமெரிக்காவில் இப்பாடம் இத்துணை பரவியதன் பின்னே ஒரு வேடிக்கை உண்டு. 1963-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அரசுப் பள்ளிகளில் விவிலியம் வாசித்துச் செபிக்கும் சடங்கு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. சமயத்தை வழிபாடாக நடத்துவது வேறு, அறிவுத்துறையாகக் கற்பது வேறு என்றும், பின்னதற்குத் தடையில்லை என்றும் அத்தீர்ப்பிலேயே நீதிபதிகள் தெளிவுபடுத்தினர். செபம் பள்ளியை விட்டு வெளியேறிய அதே வாயில் வழியாகச் சமய ஆய்வு அரசுப் பல்கலைக்கழகங்களுக்குள் நுழைந்தது எனலாம்.

வீட்டிலிருந்தபடியே திரையில் சமயங்களைப் பயில்வதும் இன்று தோன்றிய புதுமையன்று. சீனாவில் மறைபோதகப் பெற்றோர்க்குப் பிறந்த ஹஸ்டன் ஸ்மித் என்னும் பேராசிரியர், 1955-இல் செயிண்ட் லூயிஸ் நகரத் தொலைக்காட்சியில் இப்பாடத்தைத் தொடராக நடத்தினார். 1958-இல் வெளிவந்த அவருடைய நூல் பல தலைமுறை மாணவர்க்குப் பாடநூலாயிற்று. அவர் வேதாந்தத் துறவியிடம் பயின்றார். ஜப்பானில் சென் மடத்தில் தியானத்தில் அமர்ந்தார். எனினும் 2016-இல் மறையும் வரை, தாம் பிறந்த மெதடிஸ்ட் சபையைவிட்டு நீங்கவில்லை. இதனைத் தாய்க்கு எழுதியபோது, எல்லாரும் அவ்வாறே நிலைத்திருப்பர் என்று நாம் உறுதி கூறவில்லை. அப்படி உறுதி கூற யாராலும் இயலாது.

நம்மை அதிகம் சிந்திக்க வைத்தது அம்மடலின் பிற்பகுதியில் இருந்த ஒரு சிறு செய்தியே. கிறிஸ்தவத்துக்குரிய வாரம் வந்தபோது, மகள் அவ்வதிகாரத்தைப் படித்துவிட்டு, “அம்மா, இதில் நாம் இல்லையே!” என்றாளாம். நிறுவியவர், மறைநூல், பிரிவுகள், விழாக்கள் எல்லாம் பிழையின்றி இருந்தன. உரோமை இருந்தது, லூத்தர் இருந்தார். ஆனால், இறந்தவர் வீட்டில் முப்பதாம் நாள் சொல்லும் செபம் இல்லை. வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்து நடந்து போன பாட்டி இல்லை. எழுதியது தவறன்று, எழுதாமல் விட்டதுதான் அவளுக்கு வாழ்வாக இருந்தது.

அந்த ஒரு நொடிக்காகவேனும் அப்பாடத்தை அவள் படித்தது தகும் என்று நாம் கருதுகிறோம். தன் சமயம் பற்றிய முப்பது பக்கம் இத்துணை மெலிந்ததாயின், முன்பு படித்த மற்ற அதிகாரங்கள் அந்தந்தச் சமயத்தார்க்கு எவ்வாறு தோன்றும்? நிறுவியவர் யார், மறைநூல் எது என்ற கட்டங்களே பெரும்பாலும் நம் சமயத்தின் அளவுக்குத் தைத்த சட்டை. இந்து சமயத்துக்கு நிறுவியவர் ஒருவர் இல்லை. ஜப்பானியரின் ஷிண்டோவுக்கும் அவ்வாறே. வேதமும் கீதையும் இடம்பெறும் அதிகாரத்தில் நம்மூர் எல்லையில் குதிரைகளோடு நிற்கும் ஐயனாருக்கு இடம் கிடைப்பது அரிது. தேவாரத்துக்கு ஒரு வரி கிடைத்தால் பெரிது.

சுவீடன் நாட்டு லூத்தரன் ஆயர் கிறிஸ்தர் ஸ்டெண்டால் 1985-இல், ஸ்டாக்ஹோம் அருகே மோர்மன் சபையார் கோவில் கட்டுவதற்கு எதிர்ப்பு எழுந்த வேளையில், அவர்களுக்கு ஆதரவாகப் பேசினார். ஒரு சமயத்தைப் பற்றி அறிய வேண்டுமாயின் அதன் பகைவரைக் கேளாமல் அதனைப் பின்பற்றுவோரையே கேட்க வேண்டும். நம் சமயத்தின் சிறப்பைப் பிறர் சமயத்தின் சிறுமையோடு ஒப்பிடலாகாது. பிறரிடம் உள்ள நன்மை கண்டு தூய பொறாமை கொள்ளவும் நம் நெஞ்சில் இடம் வேண்டும் என்பது அவர் கூறியதன் சாரம். இவற்றை அவ்வாறே எழுதி, மகளைத் தனியே அனுப்பாமல் தாயும் உடன் செல்லலாம் என்று மறுமொழி விடுத்தோம். திரையில் பார்ப்பதற்கும், காலணி கழற்றிவிட்டு உள்ளே செல்வதற்கும் வேறுபாடு உண்டன்றோ?

சென்ற வாரம் இரண்டாம் மடல் வந்தது. இருவரும் சென்றிருக்கிறார்கள். தலைக்கு முக்காடு போடச் சொன்னபோது, ஊர்க் கோவிலில் தம் அன்னை முந்தானையால் தலையை மூடிக்கொள்வது நினைவுக்கு வந்ததாம். குரு கிரந்தத்தின் முன் ஒவ்வொருவராக நெற்றி நிலத்தில் படப் பணிந்தார்கள். அந்நூலில் சீக்கிய குருமாரின் பாடல்களோடு, நெசவாளர் கபீரும் முஸ்லிம் ஞானி ஃபரீதும் பாடியவையும் உள்ளன என்று முதியவர் ஒருவர் விளக்கினார். பின்னர் தரையில் வரிசையாக அமர்ந்து ரொட்டியும் பருப்பும் உண்டனர். யாரிடமும் எவரும் இன்னார் என்று கேட்கவில்லை. “எங்கள் தெருவில் இருபது ஆண்டுகள் ரம்சான் கஞ்சியும் பொங்கலும் வாங்கிக் குடித்தும் உண்டும் இருக்கிறேன். அவர்கள் எதை நம்புகிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை” என்று அந்தத் தாய் எழுதியிருப்பது நம்மில் பலர்க்கும் பொருந்தும்.

சிக்கல் அதன் பின்னர்தான் வந்திருக்கிறது. ‘அவர்கள் ஒரு நூலை வணங்குகிறார்கள்’ என்று மகள் கட்டுரையில் எழுதினாளாம். ஆசிரியர் அவ்வரியின் ஓரத்தில், உங்கள் கோவிலுக்கு அந்த முதியவர் வந்தால் என்ன எழுதுவார் என்று ஒரு கேள்வி குறித்திருக்கிறார். மகள் அதனை எடுத்துக்கொண்டு தாயிடம் வந்தாள். நற்கருணைப் பேழையின் முன் நாம் ஏன் முழங்காற்படியிடுகிறோம்? அங்கே இயேசு இருக்கிறார் என்றார் தாய். எவ்வாறு இருக்கிறார் என்றாள் மகள். நாற்பது ஆண்டுகளாக முழங்காற்படியிட்டு வரும் அந்தத் தாய்க்கு அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. ஏதேனும் நூல் இருந்தால் அனுப்புமாறு கேட்டிருந்தார்.

தமிழில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாக இரண்டு நூல்களை அனுப்பியிருக்கிறோம். தமிழ் நூலைத் தாமே முதலில் படிக்கப் போவதாகவும், அதுவரை மகளிடம் பொறுத்திருக்கச் சொல்லியிருப்பதாகவும் நேற்று மின்னஞ்சலில் இரண்டு வரி வந்தது.