உழைத்த கையின் படம்

1927-ம் வருஷம். மெக்ஸிகோவில் தோழர் டினா மொடாட்டி ஒரு படம் பிடித்தார். மண்வாரியின் பிடிமேல் ஊன்றிய ஒரு தொழிலாளியின் இரு கைகள். அவ்வளவுதான்! முகமில்லை, வர்ணமில்லை. ஆனால் தோலின் சுருக்கமும் படிந்த அழுக்கும் பேசுகின்றன.

இத்தாலியில் சிறு வயதிலேயே நெசவாலையில் உழைத்தவர் அவர். அந்தக் கைகளின் அருமை அவருக்குத் தெரியும்.

வெறும் கறுப்பும் வெறும் வெளுப்புமாக அடித்தால் சுருக்கங்கள் செத்துப் போகும். இடையிலுள்ள சாம்பல் நிறங்களில்தான் காய்ப்பின் மேடுபள்ளம் துலங்கும்.

இன்று கைபேசியிலேயே காமிரா இருக்கிறது. ஆனால் அது தோலை மழுப்பி 'அழகு' காட்டுகிறது. யாருக்கு வேண்டும் அந்த அழகு? உழைப்பின் தடத்தை அழிப்பது கலையல்ல, பொய்!

தோழர்களே, பக்கவெளிச்சத்தில் உங்கள் கைகளை நீங்களே கிட்டத்தில் பிடியுங்கள். யாரும் பாராததைப் பார்ப்பதே புதுமை.