கூரையைத் தரையென்று காட்டும் வரைபடங்கள்

கடல்மட்ட உயர்வு குறித்த அறிக்கைகளுடன், கரையோரம் நீலம் பூசிய வரைபடங்களும் வெளியாகின்றன. கடல் எவ்வளவு உயரும் என்று விரிவாக விவாதிக்கும் நாம், கரையோர ஊர்களின் தரைமட்டம் எப்படி அளக்கப்பட்டது என்று கேட்பதில்லை.

இத்தகைய கணக்குகள் பலவற்றுக்கு அடிப்படை, 2000 பிப்ரவரியில் அமெரிக்காவின் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள்களில் திரட்டிய ரேடார் தரவுகள். ஓடத்தில் ஓர் ஆன்டெனா, 60 மீட்டர் கம்பத்தின் முனையில் மற்றொன்று. இரண்டும் பெற்ற அலைகளின் வேறுபாட்டிலிருந்து நிலத்தின் உயரம் கணிக்கப்பட்டது. இஸ்ரோ 2005 மே மாதம் ஏவிய கார்ட்டோசாட்-1, முன்னும் பின்னுமாகச் சாய்ந்த இரு கேமராக்களால், நம் இரு கண்கள் ஆழத்தை உணர்வதுபோல மேடுபள்ளங்களைப் பதிவுசெய்தது. இரண்டுமே பெரும் சாதனைகள்தாம்.

ஆனால், இக்கருவிகள் அளப்பது மேற்பரப்பை, தரையை அல்ல. தென்னையின் உச்சியும் அடுக்குமாடியின் கூரையும் நிலத்தின் உயரத்தோடு சேர்ந்துவிடுகின்றன. மலைநாட்டில் சில மீட்டர் பிழை பெரிதல்ல. கடலோரச் சமவெளியில் அதுவே ஊரின் தலைவிதி. இப்பிழையைத் திருத்திய ஓர் ஆய்வு 2019-இல் வெளியானது. உயர் ஓத மட்டத்துக்குக் கீழான நிலத்தில் வாழ்வோர் 2.8 கோடி என்ற பழைய கணக்கு, திருத்தத்துக்குப் பின் 11 கோடியானது. கடலில் ஒரு சொட்டு கூடவில்லை. மாறியது நிலத்தின் அளவுதான்.

அதே ஆண்டில் வியட்நாமின் மீகாங் டெல்டா பற்றிய ஆய்வு இன்னும் அதிர்ச்சி தந்தது. செயற்கைக்கோள் கணக்கில் சராசரியாக 2.6 மீட்டர் எனக் கருதப்பட்ட அந்நெல்வயல் நாடு, உண்மையில் கடல்மட்டத்திலிருந்து 0.8 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. மரங்களும் கட்டடங்களும் மட்டுமல்ல, எந்த மட்டத்தைப் பூஜ்ஜியமாகக் கொள்வது என்ற குழப்பமும் இதற்குக் காரணம். உண்மையைக் காட்டியவை, அந்நாட்டிடம் ஏற்கெனவே இருந்த தரை அளவீடுகள்.

காவிரி டெல்டாவின் கடைமடையும் அப்படிப்பட்ட நிலமே. வேதாரண்யம் பக்கம் உப்பளத்துக்கும் வயலுக்கும் இடையிலான உயர வேறுபாட்டைக் கண்ணால் அறிவது கடினம். அங்கே கதவணையின் மட்டத்தையோ புயல் பாதுகாப்பு மையத்தின் அடித்தள உயரத்தையோ இரண்டு மீட்டர் பிழையுள்ள தரவை நம்பி முடிவுசெய்ய இயலாது.

2022-ஆம் ஆண்டின் தேசிய புவிவெளிக் கொள்கை, 2030-க்குள் சமவெளிகளுக்கு 25 சென்டிமீட்டர் துல்லியத்தில் உயர வரைபடம் தயாரிக்க இலக்கு வைத்துள்ளது. நல்ல இலக்கு. விமானத்திலிருந்து லேசர் கதிர்களால் அளக்கும் லைடார் முறை இதற்குக் கைகொடுக்கும். ஆனால், செலவு அதிகம். நாடு முழுவதையும் ஒரே வேகத்தில் அளக்க முடியாது என்னும்போது, கடலோர டெல்டாக்களிலிருந்தே பணி தொடங்க வேண்டும்.

அளந்தால் மட்டும் போதாது; வெளியிடவும் வேண்டும். நாட்டின் பெரும்பகுதி கடல்மட்டத்துக்குக் கீழேயோ சற்று மேலேயோ உள்ள நெதர்லாந்து, தன் லேசர் உயரத் தரவை எவரும் இலவசமாகப் பெறச் செய்திருக்கிறது. இங்கோ பாதுகாப்பைக் காரணம் காட்டுவது வழக்கம். 2021 பிப்ரவரியில் வரைபடக் கட்டுப்பாடுகளை மத்திய அரசே பெருமளவு தளர்த்திவிட்ட பிறகு அக்காரணம் வலுவிழந்துவிட்டது. தன் வயல் கடல்மட்டத்துக்கு எத்தனை சென்டிமீட்டர் மேலே என்பதை நாகப்பட்டினத்து உழவர் தம் ஊராட்சி அலுவலகத்திலேயே பார்த்தறிய வழி செய்ய வேண்டும்.