கரையில் நிற்கும் அம்மாக்கள்

தமிழ்ப்பள்ளியிலும் சரி, தேசிய இடைநிலைப்பள்ளியிலும் சரி, நான் நீச்சல் கற்றதில்லை. பல்கலைக்கழகம் வந்த பிறகே கற்றேன். சென்ற விடுமுறையில் அம்மாவையும் நகராண்மைக் கழக நீச்சல் குளத்திற்கு அழைத்துச் சென்றேன். "அம்பது வயசுல எனக்கு இதெல்லாம் எதுக்குய்யா? பார்க்கிறவங்க சிரிப்பாங்க," என்று துண்டோடு கரையிலேயே அமர்ந்துவிட்டார். அவருக்கு இனிப்பு நீர். முழங்கால் வலியால் நடைப்பயிற்சியையும் நிறுத்திவிட்டவர்.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே இவ்விகிதம் இன்னும் அதிகம். உலகச் சுகாதார நிறுவனமோ வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பை 65 வயதைக் கடந்தவர்களுக்கும் பரிந்துரைக்கிறது. வலிக்கும் காலோடு அதை எங்கே செய்வது? நீரில்தான்! கழுத்தளவு நீரில் உடல் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே காலில் இறங்கும். மூட்டு நோகாது, இதயமும் நுரையீரலும் உழைக்கும். எலும்பு வலுவுக்கு நடையும் வேண்டும் என்பது உண்மையே. ஆனால், நடக்கவே இயலாதவர் எங்கிருந்தாவது தொடங்க வேண்டுமல்லவா?

உடைதான் தடையா? அதே குளத்தில் மலாய்ப் பெண்கள் முழுக்கை நீச்சலுடையில் நீந்துகிறார்களே! அத்தகைய உடையொன்றை அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தேன். மறுவாரம் கம்பியைப் பிடித்தபடி இடுப்பளவு நீரில் நடந்தார். இன்று இரண்டு முறை நின்று மூச்சு வாங்கி, 25 மீட்டரைக் கடக்கிறார். யாரும் சிரிக்கவில்லை.

மாணவ நண்பர்களே, நாம் கரையேற வேண்டும் என்று காலமெல்லாம் காத்து நின்றவர்கள் நம் பெற்றோர். அடுத்த விடுமுறையில் அவர்களை நீரில் இறக்குவோமா?