யாருமில்லாத பாலைவனமா?

என் வீட்டுக்கு அடிக்கடி வரும் இளைஞர் ஒருவர் இருக்கிறார். மோட்டார் சைக்கிள் என்றால் அவருக்கு உயிர். வாசலில் நிற்கும் தம் வண்டியை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டேதான் காப்பி குடிப்பார். சென்ற மாதம் வந்தவர், கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாருங்கள் சார், இதல்லவா சாகஸம்! கண்ணுக்கெட்டின தூரம் ஓர் ஈ, காக்கை கிடையாது. மணலும் மனுஷனும் மட்டுந்தான்!"

பார்த்தேன். டாக்கர் பந்தயம். மலைபோல் எழுந்த மணல்மேட்டின் முதுகில் ஒருவன் ஏறுகிறான். உச்சியில் ஒரு கணம் வானத்தைத் தொட்டுவிட்டு அப்புறம் சரிகிறான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இல்லையென்று பொய் சொல்வானேன்? ஆனால், 'ஓர் ஈ, காக்கை கிடையாது' என்ற அந்தச் சொல் மட்டும் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இந்தப் பந்தயத்தின் அத்தனை பாவங்களும் அந்த ஒரு சொல்லிலிருந்துதான் பிறக்கின்றன என்பது என் கட்சி.

கதை 1977-ல் தொடங்குகிறது. தியரி சபீன் என்ற பிரெஞ்சுக்காரர் அபிஜான் – நீஸ் பந்தயத்தில் மோட்டார் சைக்கிளில் போனபோது சஹாராவில் வழி தவறிவிட்டார். சாவின் வாசல்வரை போய் மீண்டார். மீண்டவர் என்ன செய்தார்? தான் கண்ட அந்த வெளியை மற்றவர்களும் காண வேண்டுமென்று, 1978 டிசம்பர் 26-ந் தேதி பாரிஸிலிருந்து டாக்கருக்கு ஒரு பந்தயத்தைக் கிளப்பிவிட்டார். பத்தாயிரம் கிலோமீட்டர். புறப்பட்டவை 182 வண்டிகள்; போய்ச் சேர்ந்தவை 74. வென்றவர் சிரில் நெவ்வே, யமஹா வண்டியில். ஓட்டிகளில் ஒருவர் வழியிலேயே இறந்தார்.

அந்த வழி எந்தெந்த தேசங்களின் ஊடே போயிற்று என்று பாருங்கள்: அல்ஜீரியா, நைஜர், மாலி, அப்பர் வோல்டா, செனகல். ஐந்தும் பிரான்ஸ் கட்டி ஆண்ட தேசங்கள். விடுதலை பெற்று இருபது வருஷங்கள்கூட ஆகவில்லை. துப்பாக்கியோடு போனவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் விளம்பரச் சீட்டு ஒட்டிய வண்டிகளோடு போனார்கள். கேட்டால் சாகஸம்! தங்கள் ஊர் வயல்வெளிகளில் நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து, குறுக்கே வந்தவனை அடித்துவிட்டுப் போவதற்கு எந்த பிரெஞ்சு முனிசிபாலிடி அனுமதி தந்திருக்கும்?

குறுக்கே வந்தார்கள். 1988-ல் மாலி தேசத்தில், பாதையைக் கடந்த பத்து வயதுப் பெண் குழந்தை ஒன்று அடிபட்டு இறந்தது. அதே பந்தயத்தில் மொரிட்டேனியாவில் ஒரு தாயும் குழந்தையும் மாண்டார்கள். அவர்களை அடித்தது பந்தய வண்டிகூட அல்ல, படம் பிடிக்க வந்தவர்களின் வண்டி. 2006-ல் கினியில் ஒரு பத்து வயதுப் பையன். செனகலில் ஒரு பன்னிரண்டு வயதுப் பையன். இவர்களெல்லாம் எங்கிருந்து முளைத்தார்கள்? ஈ, காக்கை இல்லாத இடமாயிற்றே!

"விபத்து எங்கேதான் நடக்கவில்லை? நம் அண்ணா சாலையில் நடக்கவில்லையா?" என்றார் நண்பர். நடக்கிறது, ஐயா. ஆனால் அண்ணா சாலையில் போகிறவன் பிழைப்புக்காகப் போகிறான்; அந்தச் சாலை அடிபடுகிறவனுக்கும் சொந்தம், அடிக்கிறவனுக்கும் சொந்தம். பந்தயம் அப்படியா? அதில் ஓடுகிறவன் கையெழுத்துப் போட்டு, பணம் கட்டி, ஆபத்தை விலைக்கு வாங்கிக்கொண்டு வருகிறான். அந்த மாலிக் குழந்தை எதில் கையெழுத்துப் போட்டது?

ஓட்டிகளின் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களில் சிலரை வணங்கத் தோன்றுகிறது. பாவுலோ கொன்சால்வஸ் என்ற போர்ச்சுகல்காரர் 2016-ல், விழுந்து கிடந்த சக போட்டியாளருக்காக வண்டியை நிறுத்தி, உதவி வரும்வரை கூட இருந்தார். 2020 ஜனவரியில் நம் இந்தியக் கம்பெனியான ஹீரோவின் வண்டியை ஓட்டிக்கொண்டு போகையில் சவூதி மணலில் அவரே விழுந்தார். பின்னால் வந்த ஆஸ்திரேலியர் டோபி பிரைஸ் பந்தயத்தை மறந்து அவர் பக்கத்தில் நின்றார். கொன்சால்வஸ் பிழைக்கவில்லை. மனிதன் மனிதனுக்காக நிற்கிற அந்த இடத்தில் எனக்கும் கண் கலங்குகிறது. என் வழக்கெல்லாம், அந்த மரியாதை பாதையோரத்தில் நின்றவனுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதுதான்.

1982-ல் பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரின் மகன் மார்க் இதே பந்தயத்தில் சஹாராவில் காணாமற்போனார். ஆறு நாள் உலகமே அவரைத் தேடிற்று. இரும்புப் பெண்மணி ஊரறியக் கண்ணீர் விட்டார். கடைசியில் அல்ஜீரிய ராணுவ விமானம் கண்டுபிடித்தது. தாயின் கண்ணீரை நான் பழிக்கவில்லை. மொரிட்டேனியாவில் அந்தக் கண்ணீருக்குக்கூட வாய்ப்பில்லை. தாயையும் சேர்த்தல்லவா அடித்துவிட்டார்கள்!

இன்னொன்று. 2006-ல் இரண்டு பிள்ளைகள் இறந்த பிறகும் பந்தயம் டாக்கர் போய்ச் சேர்ந்தது. வெற்றி வீரர்களின் பெயர்கள் அறிவிக்கப்பட்டன. 2007 டிசம்பரில் மொரிட்டேனியாவில் நான்கு பிரெஞ்சு உல்லாசப் பிரயாணிகள் கொல்லப்பட்டார்கள்; பந்தயத்தைக் குறிவைத்தும் மிரட்டல் வந்தது. 2008 ஜனவரியில், புறப்பட ஒரு நாள் இருக்கும்போது, முழுப் பந்தயத்தையும் ரத்து செய்தார்கள். செய்தது சரிதான். ஆனால் நிறுத்த முடியும் என்பது அன்றல்லவா தெரிந்தது! முப்பது வருஷமாக முடியாதது, ஆபத்து தங்கள் பக்கம் திரும்பியதும் ஒரே நாளில் முடிந்துவிட்டது.

ஆப்பிரிக்காவை விட்டவர்கள் 2009-ல் தென்னமெரிக்கா போனார்கள். நாலு சக்கர குவாட் வண்டிகளுக்குத் தனிப் பிரிவு வந்ததும் அப்போதுதான். 2025-ல் அதை எடுத்துவிட்டார்கள். சிலியின் அட்டகாமா பாலையில் பழங்குடி மக்கள் நூற்றாண்டுகளுக்கு முன் விட்டுச்சென்ற தடயங்களின் மேல் சக்கரங்கள் ஏறியதாக அந்நாட்டுத் தொல்லியலார் முறையிட்டார்கள். அங்கும் முதல் வாதம் இதுதான்: வெறும் மணல்தானே!

2020-ல் சவூதிக்கு மாறிற்று. அந்த ஜனவரியில் பந்தயக் கூடாரம் நியோம் என்ற இடத்திலும் தங்கியது. புதிய நகரம் எழும்ப இருக்கிற 'காலி' நிலம் அது. ஏப்ரலில், வீட்டை விட்டு வெளியேற மாட்டேன் என்ற ஹுவைத்தாத் குலத்தவர் ஒருவர் அதே பகுதியில் பாதுகாப்புப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். பந்தயம் அவரைக் கொல்லவில்லை; அப்படிச் சொன்னால் அது அநியாயம். காலி நிலம் என்று உலகுக்குக் காட்டிய படங்களில் அதன் படங்களும் உண்டு என்று மட்டும் சொல்கிறேன்.

நம்மவர்களுக்கு இந்த மயக்கம் இருந்ததில்லை. பாலையை ஒரு திணையாக்கி, அதற்கும் எயினரை வைத்தார்கள், கொற்றவையை வைத்தார்கள். ஆள் இல்லாத நிலம் என்று ஒன்றை அவர்கள் கற்பனை செய்யவே இல்லை.

தெனெரே பாலையில் ஒரு வேல மரம் நின்றது. சுற்றிலும் வெகுதூரத்துக்கு வேறு மரமே கிடையாது. ஒட்டகக்காரர்களுக்கு அதுதான் அடையாளம். அதன் கிளையை ஒருவரும் ஒடிக்க மாட்டார்கள். 1973-ல் ஒரு லாரிக்காரன் அதன் மேல் மோதிச் சாய்த்துவிட்டான். பந்தயம் பிறப்பதற்கு முந்திய சங்கதி இது. இப்போது அந்தக் கட்டை நியாமே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மோதுவதற்கு ஒன்றுமில்லாத இடமென்று சொல்கிறவர்களை நான் அங்கே அனுப்பிவைப்பேன்.

இதையெல்லாம் கேட்ட என் நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "2024-ல் நம் கேரளத்துப் பையன் ஹரித் நோவா, ஹோசூர் டி.வி.எஸ். கம்பெனி கூட்டுச் சேர்ந்த அணியில் ஓட்டி, தம் பிரிவில் முதலாவதாக வந்தாரே, அதற்குக்கூட நாம் சந்தோஷப்படக் கூடாதா?" என்றார்.

படலாம். நானும் பட்டேன். அந்தச் சந்தோஷத்தில் பங்கு கேட்கிற நமக்கு, கணக்கிலும் பங்கு உண்டு. அடுத்த ஜனவரியில் நம் பத்திரிகைகள் நாள்தோறும் யார் முந்தினார், யார் பிந்தினார் என்று பத்தி பத்தியாகப் போடும்போது, அன்றைக்குப் பாதை எந்தெந்த ஊர்களின் வழியே போயிற்று, அங்கே யார் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்டார்களா என்று நாலு வரி சேர்த்துப் போடட்டும். ஹோசூர்க்காரர்களும் ஹீரோக்காரர்களும் பந்தயத்தை நடத்துகிறவர்களிடம் அதையே கேட்கட்டும்; பணம் போடுகிறவர்களுக்குப் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்?

நண்பர் காப்பியை முடித்துவிட்டுக் கிளம்பினார். எங்கள் தெருவில் அன்றைக்கு அவர் வண்டியை மெல்லத்தான் ஓட்டிப் போனார். மறுநாள் வழக்கம்போலப் பறந்தார்.